கால் பிரண்டால் எண்ணெய்ப் போத்தலை முதலில் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரப் பதிப்பில் மருத்துவப் பக்கத்தை நான் முதற்பக்கத்துக்கு முன்னமே வாசித்துவிடுவேன். மாரடைப்பு, சீனி வருத்தம், சிறுநீரகம், புற்றுநோய் என்று முறை வைத்து வருகின்றன. எல்லாம் தேவையானவைதான். ஆனால் மாரி பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் வாரத்துக்கு ஒருவராவது படுகிற பாடு அந்தப் பக்கத்தில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வழுக்கி விழுவதையும் காலைப் பிரட்டிக்கொள்வதையும் சொல்கிறேன். இதெல்லாம் ஒரு வருத்தமா என்று விட்டுவிட்டீர்களோ தெரியாது. அப்படி எல்லோரும் விட்டுவிட்டதால்தான் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் நடக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தாதி. 34 வருட சேவையில் பாதிக்கு மேல் வெளிநோயாளர் பிரிவிலும் பிளாஸ்ரர் அறையிலும் போனது. திருகோணமலை உப்புவெளிக்கு வந்து குடியிருந்தும் அயலட்டைக்கு நான் இன்னும் "மிஸ்ஸி"தான். விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முன் என் படலையைத் தட்டுவார்கள்.

போன மார்கழியில் விழுந்தது நானே. திருவெம்பாவை மூன்றாம் நாள், விடிய நாலரை மணி. இரவிரவாக மழை. குளிக்கவென்று கிணற்றடிக்குப் போனேன். சீமெந்தில் பாசி பிடித்துவிட்டது, தேய்க்க வேண்டும் என்று கார்த்திகை முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். வலது பாதம் உள்பக்கமாக மடிந்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "மளுக்" என்று ஒரு சத்தமும் கேட்டது. சத்தம் கேட்டால் எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் சனம் நம்புகிறது. எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் நார் கிழிந்தாலும் அதே சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மகள் ஓடி வந்து அக்குளில் கையைக் கொடுத்தாள். "தூக்காதே பிள்ளை, கொஞ்சம் இருக்க விடு" என்றேன். விழுந்தவரை உடனே நிறுத்திவைப்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு அவசரம். ஊர் பார்த்துவிடும் என்ற வெட்கமும் அதில் கலந்திருக்கிறது. ஒரு நிமிடம் நிலத்தில் இருந்தால் ஒன்றும் குறையாது. தலை அடிபட்டதா? வழுக்கி விழுந்தேனா, தலை சுற்றி விழுந்தேனா? இடுப்பு நோகுதா? இந்த மூன்றையும் முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டேன். தலை சுற்றி விழுந்தவரானால் காலை விட்டுவிட்டு நெஞ்சையும் பிரஷரையும் சீனியையும் பார்க்க வேண்டும்.

கால் மட்டும்தான் என்று தெரிந்த பிறகு பேரனைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பதினொரு வயது. மகளைக் கூப்பிடாததற்குக் காரணம், அவள் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கியிருந்தாள். "உன்ர பெருவிரலைத் தா. நான் சொல்லுற இடத்தில அமத்து" என்றேன்.

"நொந்தா என்ன செய்யிறது அம்மம்மா?"

"நோகுதோ எண்டுதான் பாக்கிறம். அமத்து."

கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்து நிற்கிறதே ஓர் எலும்பு, மொளி என்போமே, அதன் நுனியில் முதலில் அமத்தச் சொன்னேன். பிறகு அதன் பின் விளிம்போடு மேலே 6 சென்ரிமீற்றர், ஏறக்குறைய நாலு விரல் அகலம். முன்பக்கத்தில் அல்ல, பின்பக்க விளிம்பில். அடுத்து உள்பக்க மொளி, அதே மாதிரி நுனியும் பின் விளிம்பும். மூன்றாவது, சின்னவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகத் தடவிக்கொண்டு வந்தால் நடுவில் ஒரு எலும்பு முட்டும், அந்த இடம். நாலாவது, உள்பாதத்தில் மொளிக்குச் சற்று முன்னும் கீழும் இருக்கும் எலும்பு. இந்த இடங்களில் எலும்பின் மேல் அமத்தும்போது சுரீர் என்று நொந்தால் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். நோகாவிட்டால் கடைசிச் சோதனை, நாலு எட்டு வைப்பது. நொண்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காலிலும் இரண்டு தரம் உடல் பாரத்தைக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்த உடனேயும் முடியவில்லை, பிறகு பார்க்கும்போதும் முடியவில்லை என்றால் அதற்கும் படம்தான்.

எனக்கு நொந்தது வெளி மொளிக்கு முன்னும் கீழும் உள்ள மெத்தென்ற பள்ளத்தில். அந்த இடத்தில்தான் நார் இருக்கிறது. எலும்பில் நோ இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, பிடியை விட்டு நாலு எட்டு வைத்தேன். அழகான நடையில்லை, ஆனாலும் வைத்தேன். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இது என் கண்டுபிடிப்பில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1992இல் வெளியிட்ட விதி. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. ஒட்டாவாவும் அதே ஒன்ராறியோ மாகாணம்தான். கால் பிரண்டு வருகிற எல்லோருக்கும் படம் எடுத்துப் பார்த்தால் முறிவு இருப்பது 100 பேரில் 15 பேருக்கும் குறைவு என்று கண்டுதான் அவர்கள் இந்த விதியை அமைத்தார்கள். பெருவிரலுக்கும் நாலு எட்டுக்கும் தப்புகிற முறிவு மிக மிக அரிது. படம் தேவையில்லாதவர்கள் எக்ஸ்ரே அறை வாசலில் மூன்று மணித்தியாலம் இருக்கிறார்கள், தேவையானவர்கள் வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கிறார்கள். என் 34 வருடமும் இந்தக் கூத்தைப் பார்த்தேதான் போனது.

இந்த விதி தெரியாத காலத்திலும் எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஊரடங்கு இரவுகளில் விழுந்தவரை விடியுமட்டும் வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். மூதூர்ப் பக்கத்திலிருந்து வருவதென்றால் தோணியும் துறையும் பார்க்க வேண்டும். "விடியுமட்டும் தாங்குமா" என்று தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய கிழவிகள் அப்போது ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். அமத்தும்போது அவர்கள் வாயைப் பார்க்கமாட்டார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். "நோகேல்லை" என்று வாய் சொல்லும், புருவம் உண்மையைச் சொல்லிவிடும்.

சில பேரிடம் மட்டும் பெருவிரலை நம்பாதீர்கள். நெடுநாள் சீனி வருத்தக்காரருக்குப் பாதம் மரத்திருக்கும். எலும்பு முறிந்த பிறகும் நடந்து வருவார்கள். குடித்திருப்பவருக்கும் நோ தெரியாது. எலும்பே அகப்படாத அளவு வீங்கிவிட்டால் அமத்தி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இவர்களுக்கு நேரே படம்தான். அடிபட்டது கணுக்காலாக இல்லாமல் முழங்காலாக இருந்தால் கணக்கு வேறு: வயது 55 அல்லது அதற்கு மேல் என்றாலே அதே மருத்துவர்களின் முழங்கால் விதிப்படி படம் எடுக்க வேண்டும். முழங்கால் சிரட்டையில் நோ, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் சின்ன எலும்பின் தலையில் நோ, 90 பாகைக்கு மடக்க முடியாமை, நாலு எட்டு வைக்க முடியாமை, இவற்றில் எது ஒன்று இருந்தாலும் அப்படியே. நான் அன்று முழங்காலில் விழுந்திருந்தால் பேரனின் விரல் என்ன சொன்னாலும் ஓட்டோ பிடித்திருப்பேன்.

இனி எண்ணெய்க் கதைக்கு வருகிறேன்.

நான் கதிரையில் காலைத் தூக்கி வைத்து இரண்டு நிமிடம் இல்லை, அடுத்த வீட்டு அக்கா நோவெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டா. எழுபத்திரண்டு வயது, தங்கமான மனுசி. "சுளுக்குத்தானே தங்கச்சி, ரெண்டு உருவு உருவினா கழண்டிடும். பின்னேரம் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் சுடுதண்ணி ஊத்துவம்" என்றா. முப்பது வருடப் பழக்கம், கோபிக்கவும் ஏலாது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எனக்கும் பிடிக்கும். ஆனால் விழுந்த அன்று அல்ல.

நார் கிழிந்தால் உள்ளே சின்ன இரத்தக் குழாய்களும் கிழியும். உருவினால் அவை இன்னும் கசியும். சுடுதண்ணீர் ஊற்றினால் குழாய்கள் விரிந்து இரத்தம் கூட ஓடும், வீக்கம் இரட்டிப்பாகும். முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூடு, உருவல், சாராயம், ஓட்டம் நான்கும் கூடாது. மூன்று நாள் கழித்து அக்காவோடு கன்னியாவுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபிப்பா.

முறிவு நெரிவு வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். கைராசிக்காரப் பரியாரிமாரை நானும் கண்டிருக்கிறேன். நான் கேட்பது வரிசை மட்டும்: முதலில் படம், பிறகு புக்கைக் கட்டு. எலும்பு விலகியிருக்கிறதா என்று தெரியாமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, நாலாம் நாள் விரல் கறுத்து வந்த ஒரு பொடியனின் காலை நான் அவிழ்த்தேன். பதினேழு வயது. அந்தக் கட்டு அவிழ்ந்தபோது வந்த மணம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கட்டு எதுவானாலும், கட்டிய பிறகு கால்விரல் நகத்தை அமத்தி விடுங்கள். வெளுத்த நகம் "ஓம் நமசிவாய" என்று ஒருமுறை சொல்லி முடிக்க முன் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், விரல் குளிர்ந்தால், விறைத்தால், கட்டை அவிழ்த்து ஆளை உடனே கொண்டுபோங்கள்.

நான் செய்த வைத்தியம் இதுதான். பேரன் குளிர்சாதனப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த தோடம்பழ நிற ஐஸ் பக்கற் இரண்டை எடுத்து, துவாயில் சுற்றி, மொளியில் வைத்தேன். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள், தோல் கருகும். 15 நிமிடம், கூடினால் 20. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம். மீன்காரர் வீடுகளில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மீன் பெட்டி ஐஸைப் புண்ணுள்ள காலில் வைக்கக் கூடாது. ஐஸ் நோவைக் குறைக்கும், அவ்வளவுதான். 1978இல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நாலையும் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவரே பிற்காலத்தில், ஐஸ் அதிகமானால் ஆறுவது தாமதிக்கலாம் என்று தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். ஆகவே நாள் முழுக்க ஐஸில் ஊற வேண்டாம்.

கிரேப் பண்டேஜை விரல் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒரு சுற்று அடுத்த சுற்றின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் பாதம் பூசணிக்காய் ஆகிவிடும். இரவில் அவிழ்த்துவிடுங்கள். காலை உயர்த்துவது என்றால் முக்காலியில் வைப்பதல்ல, படுத்துக்கொண்டு தலையணை இரண்டின் மேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே. நோவுக்குப் பனடோல். பெரியவர்களுக்கு ஒரு தரம் இரண்டு குளிசை, ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தக்காரர் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். டைக்குளோபெனக் என்ற நோக்குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகம், வயிற்றுப்புண், பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. இது எங்களுக்கு நுளம்புக் காலமும்கூட. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். 2017இல் டெங்குவில் கிண்ணியா பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் நீலம் விரல் வரைக்கும் இறங்கியது. அக்கா பயந்துபோனா. உள்ளே கசிந்த இரத்தம் கீழே வடிகிறது, அவ்வளவுதான். ஆனால் அடிபட்டது கணுக்காலாக இருக்க, சில நாள் கழித்து ஆடுசதை தடித்து, சூடாகி, நொந்தால் அது வேறு விசயம். இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

நாலாம் நாள் தொடக்கம் பயிற்சி. ஆஸ்பத்திரியில் பெருவிரலால் காற்றில் ஆங்கில எழுத்துக்களை எழுதச் சொல்வோம், கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையட்டும் என்று. பேரன்தான் "தமிழை எழுதுங்கோ அம்மம்மா" என்றான். உண்மையில் எங்கள் எழுத்துத்தான் நல்லது. நேர்கோடு குறைவு, சுழி அதிகம். அ தொடங்கி ஔ வரைக்கும் காலை, மாலை. "இ"யில் எனக்கு எப்போதும் நொந்தது. இரண்டு கிழமையில் "இ" சரியாக வந்தது. பிறகு பல் தீட்டும்போது சுவரில் ஒரு விரல் வைத்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகினேன். இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிரளும். ஒரு கிழமைக்குப் பிறகும் பாரம் கொடுக்க ஏலாவிட்டால் முதல் நாள் விரல் சொன்னதை மறந்துவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

எனக்குத் தோல் உரஞ்சவில்லை. உரஞ்சியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுகிற தண்ணீரில், மண் போகுமட்டும் கழுவுங்கள், சுற்றுத் தோலுக்குச் சவர்க்காரம் போடுங்கள். கோப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், பற்பசை நான்கையும் நான் முழங்கால்களிலிருந்து வழித்து எடுத்திருக்கிறேன். கோப்பித் தூள் எடுப்பதுதான் மிகக் கஷ்டம். கடற்கரைக் காயத்தைச் சின்னதென்று நினைக்காதீர்கள். 2004 மார்கழி 26 சுனாமியில் வந்த கால்களில் முதல் நாள் கீறல் போலிருந்தவை மூன்றாம் நாள் சீழ் பிடித்து வாய் திறந்தன. சேற்று நீரில் ஊறிய காயத்தை அவசரப்பட்டு மூடித் தைக்கக் கூடாது என்பது அப்போது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. ரெற்றனஸுக்கான ஏற்பூசி ஒழுங்காகப் போட்டவராக இருந்தாலும், அழுக்குக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். சுத்தமான காயத்துக்கு 10 வருடம்.

விழுந்த முதியவரின் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தால் பெருவிரலும் வேண்டாம், நாலு எட்டும் வேண்டாம். அது இடுப்பு. ஓட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு எடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இப்போது இங்கேயும் வருகிறது, காசு கேட்பதில்லை. கால் கோணியிருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவருக்குத் தொடை வீங்கிக்கொண்டே போனாலும் அதே எண்தான். நடந்து திரிந்த குழந்தை விழுந்த பிறகு நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதை அடம் என்று எடுக்காதீர்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளின் முன்வாசலில் கண்ணாடி போல மாபிள் பதிக்கிறார்கள். ஒரு கோயிலிலும் கால் கழுவும் குழாயடியில் அதையே பதித்திருக்கிறார்கள். ஈரக்காலோடு வருகிற இடத்தில் வழுக்குகிற கல். சொரசொரப்பான கல் விலையும் குறைவு. நிர்வாகத்தில் ஒருவரிடம் சொன்னேன். "வடிவு குறைஞ்சிடும் மிஸ்ஸி" என்றார். போன மாரியில் அந்தக் குழாயடியிலிருந்து என் படலைக்கு வந்தவர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவருக்குச் சின்னவிரல் பக்க எலும்பில் முறிவு. இரண்டு கிழமை நடந்து திரிந்துவிட்டு "நடக்கிறன்தானே மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஐப்பசியில், மழை தொடங்க முன், உங்கள் மருத்துவப் பக்கத்தில் கால் படம் ஒன்றும் நாலு புள்ளியும் போடுங்கள். கட்டுரைகூட வேண்டாம். வெட்டிச் சுவரில் ஒட்டக்கூடிய அளவாக இருந்தால் போதும். ஓவியரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: மொளியில் வரும் புள்ளி எலும்பின் பின் விளிம்பில் இருக்க வேண்டும். முன்னுக்குப் போட்டுவிட்டால் கால் பிரண்ட எல்லோருக்கும் அந்த இடம் நோகும், எல்லோரும் எக்ஸ்ரே அறை வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.